வீட்டு இணைப்பில் ஒரு ஸ்னோஃப்ளேக் ப்ராக்ஸி

என் வீட்டு ரௌட்டரை ஒட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையம் தணிக்கை செய்யப்படும் இடங்களில் இருப்பவர்களை பல கணினிகள் வழியே தரவை அனுப்பிப் பயனரின் அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பின் வாசல்வரை கொண்டுசேர்க்கும் ஸ்னோஃப்ளேக் ப்ராக்ஸி (இடையில் நின்று தரவைக் கடத்தும் மென்பொருள்) அதில் இயங்குகிறது.

டாரின் வழக்கமான ரிலேக்களுடைய, அதாவது தரவைக் கைமாற்றும் கணினிகளுடைய, ஐபி முகவரிகள் எவருக்கும் கிடைப்பவை என்பதால், ஓர் அரசு நினைத்தால் அவற்றை மொத்தமாக அடைத்துவிடலாம். ஸ்னோஃப்ளேக்கில் அது எளிதன்று. தன்னார்வலர்களின் ப்ராக்ஸிகள் வருவதும் போவதுமாக இருக்க, காணொளி அழைப்புகளுக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி வழியாகவே தரவும் செல்கிறது. இதையும் முடக்க முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2021 டிசம்பரில் ரஷ்யா டாரைத் தடுத்தபோது, இணைப்பின் தொடக்கத்தில் தென்பட்ட ஒரு சிறு தனித்தன்மையைக் கொண்டே ஸ்னோஃப்ளேக்கை அடையாளம் கண்டது. டெவலப்பர்கள் அதை மாற்றியமைத்தார்கள். 2022 செப்டம்பரில் அறநெறிக் காவல்துறையால் கைதான மஹ்சா அமினி என்ற இளம்பெண்ணின் மரணத்தை அடுத்து ஈரானில் போராட்டங்கள் வெடித்தபோது, அங்கிருந்து ஸ்னோஃப்ளேக்கைப் பயன்படுத்தியோரின் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது. அத்தகைய நாட்களில் இன்னொரு முகவரி கூடுதலாக இருப்பது உண்மையான உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிறுவுவது எளிது, கவனிக்க வேண்டியது நாட் வகை. வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிர ரௌட்டர் கையாளும் முறையே நாட்; வெளியிலிருந்து வரும் இணைப்புகளை அது எவ்வளவு அனுமதிக்கிறது என்பது அதன் வகையைப் பொறுத்தது. ப்ராக்ஸி தொடங்கியதும் தன் நாட் வகையைச் சோதித்து லாகில் (செயல்பாட்டுப் பதிவேட்டில்) எழுதும். கட்டுப்பாடுள்ள வகை என்று வந்தால், அதே போன்ற கட்டுப்பாடுள்ள இணைப்பின் பின்னால் இருப்பவருக்கு நம்மால் உதவ முடியாது. உதவி அதிகம் தேவைப்படுபவர்களோ பெரும்பாலும் அப்படிப்பட்ட இணைப்புகளில்தான் இருக்கிறார்கள். அதனால் ரௌட்டரில் ஒரு வரம்புக்குள் யுடிபி போர்ட்டுகளை (தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை) திறந்து, ப்ராக்ஸியும் அவற்றையே பயன்படுத்துமாறு அமைத்தேன்.

யாரோ செய்யும் குற்றத்துக்கு நம் வீட்டு முகவரி பொறுப்பாகுமா என்ற கேள்வி நியாயமானது. என் கணினியிலிருந்து தரவு, டாருக்குள் நுழையவிடும் சர்வரான ஸ்னோஃப்ளேக் பிரிட்ஜுக்கு மட்டுமே செல்கிறது. அதன்பின் டாரின் வேறு ரிலேக்களைக் கடந்து வெளியேறுவதால், போய்ச்சேரும் தளத்துக்கு என் முகவரி தெரியாது. தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அதன் உள்ளடக்கம் எனக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை இணைப்புகள், எவ்வளவு தரவு என்ற ஒரு வரி மட்டுமே லாகில் பதிவாகும்.

தனிக் கணினி இல்லாதவர்கள் பிரவுசரில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்த்தாலே போதும். பிரவுசரை மூடினால் அதுவும் நின்றுவிடும் என்பதால்தான், சில வாட் மின்சாரத்தில் ஓடும் இந்தக் கணினியை நான் இதற்கென்றே ஒதுக்கினேன்.