தம்பிக்கு இரண்டாவது டிங்கி

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாக மழை. தம்பிக்கு மறுபடியும் டிங்கி, அதாவது டெங்கு காய்ச்சல். "போன தடவையே வந்தாச்சு, உடம்பு பழகியிருக்கும்லா" என்றார் அம்மா.

டிங்கியில் அந்தக் கணக்கு செல்லாது. கிருமியில் 4 வகை. ஒரு வகை வந்துபோனால், அதற்கு எதிராக உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருள் அந்த வகையிடமிருந்து ஆயுசுக்கும் காக்கும். வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. ஒட்டியதை வெள்ளை அணுக்கள் விழுங்கும், கிருமி அதற்குள்ளேயே பெருகும். இரண்டாவது முறை கடுமையாகக்கூடும் என்பது இதனால்தான்.

அப்புறம், காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆபத்து பெரும்பாலும் அடுத்த ஓரிரு நாளில்தான். தம்பிக்கு நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது. உடனே வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்றார் டாக்டர். இன்று காலையில்தான் கஞ்சி கேட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரத்தில் பழைய மங்கு, பால் பிடிக்கிற கிண்ணம். உள்ளே மழைத் தண்ணீர், நெளிகிற கொசுப் புழுக்கள். கவிழ்த்தேன். இன்னும் ஒரு நிரை மரம் பாக்கி இருக்கிறது, நாளைக்கு யாராவது கூட வாருங்கள்.