ருவாண்டா காபிப் பையை எப்படிப் படிப்பது

1994-இல் துட்சி இனத்தவருக்கு எதிராக நடந்த இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களுக்கு உதவும் என்று நினைத்து ருவாண்டா காபி வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பையில் 'ருவாண்டா' என்று அச்சிட்டிருப்பதாலேயே அவர்கள் கைக்குப் பணம் போய்விடாது. அந்த நாட்டில் லட்சக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்கள் காபி வளர்க்கின்றன, பெரிய ஏற்றுமதியாளர்களும் இருக்கிறார்கள். எனவே கூட்டுறவுச் சங்கத்தின் பெயரும் பழத்தைக் கழுவிப் பதப்படுத்திய நிலையத்தின் பெயரும் பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால், அந்தக் காபியை ருசிக்காக மட்டும் வாங்கலாம்.

தெற்கே ஹூயே பகுதியில், மராபாவில் 1999-இல் தொடங்கிய அபாஹுசாமுகாம்பி கூட்டுறவு நல்ல உதாரணம். ஒரே நோக்கத்தோடு சேர்ந்து உழைப்பவர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். இனப்படுகொலையில் கணவரை இழந்தவர்களும் பெற்றோரை இழந்தவர்களும் அதில் உறுப்பினர்கள். 2001-இல் கழுவு நிலையம் வந்த பிறகுதான் அவர்கள் காபிக்கு நல்ல விலை கிடைத்தது. அதற்கு முன் வீட்டிலேயே தோலுரித்து உலர்த்தியதால் தரம் ஒரே சீராக இல்லை, மலிவாகத்தான் போனது.

இனி கணக்கு. 250 கிராம் வறுத்த காபிக்குச் சுமார் 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும், மீதி எடை வறுக்கும்போது போய்விடும். ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரை 2023 ஆகஸ்டில் உயர்த்திய அடிப்படை விலை, கழுவிய அராபிகா வகைக் காபிக்கு ஒரு பவுண்டுக்கு 1.80 டாலர். சமூக நிதி தனியாக 0.20 டாலர். ஆக அந்த முத்திரை உள்ள ஒரு பைக்கு ஏறத்தாழ 1.19 டாலரும், நிதியாக 13 சென்ட்டும் கூட்டுறவுக்குச் சேரும். சந்தை விலை கூடினால் முதல் தொகையும் கூடும். முத்திரை பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே ஒரு பை வாங்கிவிட்டு மனநிறைவு கொள்ளும் அளவுக்கு இது பெரிய தொகை இல்லை. 'லாபத்தில் ஒரு பகுதி' என்று மட்டும் போட்டிருக்கும் பைகளிடம் இன்னும் கவனமாக இருங்கள். லாபமா விற்பனையா, எத்தனை சதவீதம், எந்த அமைப்புக்கு, எந்த மாதம் என்ற நான்குக்கும் பதில் வேண்டும். 1995-இல் 50 விதவைகள் தொடங்கிய அவேகா அகஹோசோ போல, உயிர் தப்பியவர்களே நடத்தும் அமைப்புகளின் பெயர் வந்தால் விசாரிப்பது எளிது.

வாங்கியவர் இரண்டாம் முறை வாங்காமல் போவதற்கு உருளைக்கிழங்கு வாடையும் ஒரு காரணம். அன்டெஸ்டியா என்ற பூச்சி பழத்தைத் துளைக்க, அந்தத் துளை வழியே பாக்டீரியா புகுந்து, கொட்டையில் பச்சை உருளைக்கிழங்குத் தோலின் வாடை ஏறிவிடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு கொட்டை போதும், முழுக் கோப்பையும் பாழ். வறுத்த கொட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அரைத்ததும் மூக்கு சொல்லிவிடும். அதனால் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். ஒரு முறைக்கு வேண்டிய 15 கிராம் மட்டும் அரைத்து முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் அதைக் கொட்டிவிட்டு, சில கொட்டைகளை அரைத்து எந்திரத்தைச் சுத்தம் செய்த பிறகு அடுத்ததை அரையுங்கள். பையிலுள்ள மற்றவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பரிசாகக் கொடுத்தால் ஒரு சிறு அட்டை வையுங்கள், இரண்டு வரி போதும். 'துட்சிகளுக்கு எதிரான இனப்படுகொலை' என்றே எழுதுங்கள். ஐ.நா. பொதுச்சபை 2018 முதல் பயன்படுத்தும் பெயர் அது. 'உள்நாட்டுக் கலவரம்' என்று எழுதினால் கொன்றது யார், கொல்லப்பட்டது யார் என்பதே மறைந்துபோகும். மண்டையோட்டுப் படமெல்லாம் வேண்டாம்.

நினைவு நாள் ஏப்ரல் 7. அறுவடை மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை நடப்பதால், அன்று கடையில் இருப்பது முந்தைய ஆண்டுக் காபிதான். புது அறுவடை உலர்ந்து, தோல் நீங்கி, கப்பலேறி வர ஆண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிடும். ஏப்ரலில் ஒரு பை வாங்கினால், நவம்பரில் அதே கழுவு நிலையத்தின் பெயரைச் சொல்லி இன்னொன்று கேளுங்கள்.