நான் ஃபோர்மன் கட்சி: மண்டபத்திலிருந்து சில நாட்குறிப்புகள்

22 மார்ச் 2025, சனி

குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் போய்விட்டார். ஹூஸ்டனில், 76 வயதில். எந்தச் செய்தியைத் திறந்தாலும் இரண்டே வரிதான்: முகமது அலியிடம் தோற்றவர், அடுப்பு விற்றவர். தொழில்முறையில் 81 சண்டை போட்டு, 76 வென்று, அவற்றில் 68 சண்டைகளை நாக் அவுட்டில் முடித்த மனிதருக்கு இவ்வளவுதான் இரங்கல். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பட்டாளத்தில் கையுறை மாட்டிய நாளிலிருந்தே நான் ஃபோர்மன் கட்சி. இந்த மண்டபம் ஊர்க் கடற்கரையில் அந்தக் கட்சிக்குத் தலைவனும் நானே, தொண்டனும் நானே. மற்ற எல்லோரும் அலி கட்சி. இனி அவ்வப்போது அவரைப் பற்றி இங்கே எழுதி வைக்கப் போகிறேன். யார் படிக்கிறார்கள் என்பது பற்றிக் கவலையில்லை. கோபம் ஆறவேண்டும்.

25 மார்ச், செவ்வாய்

கீழக்கரையிலிருந்து காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பேசினார். நோன்பு திறந்த கையோடு போனை எடுத்திருக்கிறார். "உங்கள் ஆள் மௌத்தாகிவிட்டாராமே" என்று முறையாகத் துக்கம் விசாரித்தார். அடுத்த மூச்சிலேயே, காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் என் ஆள் அலியிடம் தோற்ற சண்டைக்குத் தாவிவிட்டார். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் காக்கா. அந்த ஒரு மாலைப்பொழுதை வைத்துக்கொண்டு இத்தனை காலமாக என் வாயை அடைத்து வருகிறார்.

1974 அக்டோபர் 30. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வசதிக்காக விடியற்காலை நான்கு மணிக்குச் சண்டை. ஃபோர்மனுக்கு 25 வயது. 40 சண்டை, 40 வெற்றி. அலிக்கு 32. அலி கயிற்றில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, அடி என்று விட்டுவிட்டார். ஃபோர்மனும் அடித்தார். சுற்றுக்குச் சுற்று அடித்துக்கொண்டே இருந்தார். எட்டாவது சுற்றில் அவர் கை ஓய்ந்த நேரம் பார்த்து அலி சாய்த்தார். அது அலியின் மூளை என்பார் காக்கா. மறுக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே பாதி தோற்றாகிவிட்டது என்பது என் கட்சி. காங்கோவில் பெல்ஜியக்காரர்கள் ஆண்ட காலத்தில் போலீஸ் ஜனங்கள்மேல் ஏவியது ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை. ஃபோர்மன் அதே இன நாயைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் போய் இறங்கினார். இப்படிச் செய்யாதே என்று சொல்லக் கூட ஓர் ஆள் பக்கத்தில் இல்லை. ஊரே அலி பெயரைச் சொல்லிக் கத்தியது. பிறகு பயிற்சியில் புருவம் கிழிந்து, செப்டம்பர் 25இல் நடக்கவேண்டிய சண்டை ஐந்து வாரம் தள்ளிப்போனது. புருவக் காயம் ஆறும்வரை யாருடனும் மோதிப் பழக முடியாது. குத்துச்சண்டைக்காரனுக்கு அதைவிடப் பெரிய பட்டினி கிடையாது.

தோற்ற பிறகு சாக்குச் சொன்னார்: கயிறு தளர்ந்திருந்தது, தண்ணீரில் ஏதோ கலந்திருந்தது என்று. அதெல்லாம் சில வருடங்கள். அப்புறம், அலி என்னை வென்றார் என்று நேராகவே சொல்லத் தொடங்கிவிட்டார்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். கீழக்கரை போய் வந்தேன். பிரியாணி முடிந்து தொதல் தின்றுகொண்டிருந்தபோது, ராத்தா (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சமையலறை மேல்தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்து வைத்தார். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த மின்சார கிரில். மூடியில் ஃபோர்மன் பெயர். "இந்த அடுப்புக் கம்பெனிக்காரருக்கா தம்பி இவ்வளவு வருத்தம்?" என்றார். அவர் சண்டைக்காரர் என்பதே ராத்தாவுக்குத் தெரியாது. காக்கா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்கும்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தட்டு முன்பக்கம் சாய்வாக இருக்கிறது. இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு வடிந்து கீழே ஒரு சிறு தொட்டியில் சேரும். அவ்வளவுதான் வித்தை. பத்துக் கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. 1999இல் அவருடைய பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு மட்டும் கம்பெனி கொடுத்தது ஏறத்தாழ 13.75 கோடி டாலர். வளையத்தில் வாங்கிய அடி அத்தனைக்கும் கிடைத்ததைவிட இது அதிகம். ராத்தா அதில் விளமீன் துண்டுதான் சுடுகிறாராம். விளமீனில் கொழுப்பு ஏது? தொட்டி காய்ந்தே கிடக்கிறது.

3 ஏப்ரல், வியாழன்

வலைக் கொட்டகையில் ஊர்ப் பையன்களுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி. பையன்களிடம் அவர் சிறுவயதைச் சொன்னேன். டெக்ஸாஸில் மார்ஷல் என்ற ஊரில் 1949இல் பிறப்பு, ஹூஸ்டனில் வறுமை, படிப்பு பாதியில் நின்றது, தெருவில் வழிப்பறி. ஒருநாள் போலீசுக்குப் பயந்து ஒரு வீட்டின் அடியில் புகுந்து, மோப்ப நாய்க்கு வாடை தெரியக்கூடாது என்று உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் தான் ஒரு திருடன் என்பது உறைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு அரசாங்கத்தின் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே ஒருவர் அவர் கையில் கையுறையை மாட்டிவிட்டார். 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம். அதே ஒலிம்பிக்கில்தான் அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்து மேடையில் முஷ்டியை உயர்த்தினார்கள். இவரோ வென்றவுடன் சின்ன அமெரிக்கக் கொடியை அசைத்தார். சொந்த ஜனங்களே ஏசினார்கள். சாப்பாடு போட்ட திட்டத்துக்கு நன்றி சொன்னவனை என்னவென்று ஏசுவது?

6 ஏப்ரல், ஞாயிறு

பாம்பனில் புதிய ரயில் பாலத் திறப்பு. பிரதமர் வந்ததால் சாலையெல்லாம் போலீஸ். பையன்கள் தூக்குப் பாலம் மேலே போவதைப் பார்க்க ஓடிவிட்டார்கள். பயிற்சி இல்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்குத் தடையில்லை. விசைப்படகில் போகும் பெரிய பையன்கள் எல்லோரும் இப்போது சும்மா, கொட்டகை நிறைந்துவிட்டது.

ஒருவனுக்குக் கையில் பட்டி சுற்றிவிட்டேன். பத்தொன்பது வயது. பெருவிரல் அடியில் நைலான் கயிறு அறுத்த தழும்பு, பழையது, வெள்ளையாக மினுங்குகிறது. சுட்டுவிரல் கணுவில் கெழுத்தி முள் குத்தி ஆறிய புள்ளி. உள்ளங்கைத் தோல் காய்ந்து தடித்துப் போயிருக்கிறது. பட்டித் துணி அதில் உரசும்போது சரசரக்கிறது. மணிக்கட்டில் மூன்று சுற்று, பெருவிரலை வளைத்து ஒன்று, பிறகு கணுக்கள் மேல். இழுத்துச் சுற்றினால் கை மரத்துவிடும், தளர்த்தினால் எலும்பு நொறுங்கும். முஷ்டியை மூடச் சொன்னேன். முழுதாக மூட வரவில்லை. வலை இழுத்து இழுத்து விரல்கள் கொக்கியாகவே நின்றுவிட்டன. அதைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும்.

20 ஏப்ரல், ஞாயிறு

அப்போதைய சாம்பியன் ஜோ ஃபிரேசியரை ஃபோர்மன் வீழ்த்திப் பட்டம் வென்ற சண்டையைப் பையன்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஜமைக்காவில் கிங்ஸ்டன், 1973 ஜனவரி 22. இரண்டே சுற்று, அதற்குள் ஆறு முறை கீழே தள்ளுகிறார். கீழிருந்து மேலாக வரும் ஓர் அப்பர்கட் குத்தில் ஃபிரேசியரின் பாதம் தரையை விட்டு எழும்புகிறது. கொட்டகையே அதிர்ந்தது. திரும்பப் போடுங்கள், திரும்பப் போடுங்கள் என்று கூச்சல்.

எனக்கு இந்த ஃபோர்மனை அவ்வளவாகப் பிடிக்காது என்று சொன்னால் நம்புவார்களா? அந்தக் காலத்தில் அவர் யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார். முன்னாள் சாம்பியன் சானி லிஸ்டனுடன் பழகி, அந்த முறைப்பை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குத்திலும் எதிராளியின் தலையைக் கழற்றும் வேகம். அந்த வேகம்தான் கின்ஷாசாவில் அவரைக் கவிழ்த்தது.

4 மே, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கொட்டகைக்குள்ளும் நிற்க முடியவில்லை. சான் ஹுவான் சண்டை நினைவுக்கு வந்தது. போர்ட்டோ ரிக்கோ, 1977 மார்ச் 17. ஜிம்மி யங்குடன் புழுக்கத்தில் பன்னிரண்டு சுற்று. கடைசிச் சுற்றில் கீழே விழுந்து எழுந்தார், புள்ளியில் தோற்றார். உடை மாற்றும் அறைக்கு வந்தவர், தான் செத்துவிட்டதாகவும் இருட்டான வெறுமையில் தொங்கியதாகவும் கடவுள் தன்னைத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். வெயில் தாக்கியது என்றார்கள் மற்றவர்கள். எதுவாக இருந்தால் என்ன, அன்றோடு சண்டையை விட்டார். 28 வயதுதான். தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்தார். பிறகு ஹூஸ்டனில் சிறிய சபை ஒன்றுக்குப் போதகரானார்.

ஒரு பையனின் அப்பத்தா தங்கச்சிமடத்திலிருந்து வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "பாஸ்டர் ஆன மனிதர் மறுபடியும் ஏனய்யா அடிக்கப் போனார்?" என்றார். நல்ல கேள்வி. பதில் பணம்தான், ஆத்தா. 1984இல் தெருப் பையன்களுக்காக ஓர் இளைஞர் மையம் திறந்தார். அதை நடத்தப் பணம் போதவில்லை. மற்றவர்களிடம் கை நீட்டக் கூசியது. தெரிந்த தொழில் ஒன்றுதான். அப்பத்தா யோசித்துவிட்டு, "அப்படியென்றால் சரி" என்று எழுந்து போனார்.

18 மே, ஞாயிறு

இன்று எழுதவேண்டியது நிறைய.

1987 மார்ச் 9, சாக்ரமென்டோ. பத்து வருடம் கழித்து வளையத்தில் ஏறினார். கின்ஷாசாவில் நூறு கிலோ இருந்த உடம்பு இப்போது 121 கிலோ, வழித்த மொட்டைத் தலை. எதிராளி ஸ்டீவ் ஸௌஸ்கி, நான்காம் சுற்றில் முடிந்தது. அதன்பின் வரிசையாகச் சின்னச் சின்ன ஆட்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அவர்கள் எழுதும் முன்பே தன் வயிற்றையும் சாப்பாட்டையும் வைத்து அவரே கேலி செய்துகொண்டார். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர்!

அதிர்ஷ்டம், அற்புதம் என்று எழுதுகிறவர்களுக்கு இந்தச் சின்ன ஆட்கள் கண்ணில் படுவதில்லை. நான் அந்தச் சண்டைகளைத்தான் பையன்களுக்குக் காட்டுகிறேன். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன் குறுக்காக வைத்துத் தடுக்கிறார். கால் நகர்வதில்லை. ஆனால் இடது கை ஜாப், அதாவது நேராக நீட்டும் குத்து, வந்துகொண்டே இருக்கிறது. தள்ளுகிற மாதிரி தெரியும், வாங்கினவனுக்குத்தான் கனம் தெரியும். இளமையில் ஒரு சுற்றில் செலவழித்த மூச்சை இப்போது பத்துச் சுற்றுக்குப் பிரித்துச் செலவழிக்கிறார். 1991இல் அன்றைய சாம்பியன் ஹோலிஃபீல்டுடன் பன்னிரண்டு சுற்று நின்றபோது 42 வயது. சுற்றுகளுக்கு நடுவில் முக்காலியில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே இருந்தார். புள்ளியில் தோற்றார். அந்தத் தோல்வியைக் கொண்டாடியது ஊர்.

பிறகு 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிராளி அன்றைய சாம்பியன் மைக்கேல் மூரர், 26 வயது, இடக்கைக்காரர், 35 சண்டையில் தோல்வியே இல்லை. இந்தச் சண்டையை அங்கீகரிக்க மறுத்த, பட்டம் வழங்கும் ஒரு சங்கத்தின்மேல் நீதிமன்றம் போய்த்தான் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மூலையில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டி. இருபது வருடம் முன்பு அலியின் மூலையில் நின்ற அதே டன்டி.

ஒன்பது சுற்றுவரை மூரர்தான் ஆடினார். நடுவர்கள் மூவரின் தாளிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார்: இருவருக்கு 88-83, ஒருவருக்கு 86-85. மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ், அவர் எதிரில் நேராக நிற்காதே என்று கத்திக்கொண்டே இருந்தார். பையன் கேட்கவில்லை. பத்தாவது சுற்றில் ஓர் இடது, உடனே ஒரு வலது. அந்த வலது கை போன தூரம் ஒரு முழம் கூட இருக்காது. தாடை நுனியில் பட்டது. மூரர் மல்லாந்தார். ஃபோர்மன் தன் மூலைக்குப் போய் முழங்காலிட்டார். 45 வயதில் சாம்பியன். அதற்கு முன் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றவர்களில் மூத்தவர் ஜெர்ஸி ஜோ வால்காட், 1951இல், 37 வயதில்.

அந்தச் சேதியை நான் பாசறையில் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் படித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஐந்தாறு வரி.

கொக்கி விரல் பையன் அந்த ஒரு குத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். "மாமா, இது தூண்டிலில் பெரிய மீனை விட்டுப் பிடிப்பது மாதிரி இருக்கிறது" என்றான். ஒன்பது சுற்றும் நாட்டாமை பண்ணிய மூரரை மீன் என்று சொன்ன முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான்.

1 ஜூன், ஞாயிறு

கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. கொட்டகைக் கீற்று இரண்டு இடத்தில் பிய்ந்தது. பயிற்சி மூட்டைக்குள் அடைத்த பழந்துணி ஈரமாகிக் கல்லாகிவிட்டது. பிரித்து வெயிலில் உலர்த்தினோம். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

13 ஜூன், வெள்ளி

படகுத்துறையில் பெயிண்ட் வாசனை. பலகை இடுக்குகளை அடைப்பதும் இன்ஜின் ஓட்டிப் பார்ப்பதுமாக இருக்கிறார்கள். ஐஸ் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன.

காக்கா வந்திருந்தார். அவரும் நானும் சண்டையில்லாமல் பேசுகிற ஒரே காட்சி 1997 ஆஸ்கர் மேடைதான். கின்ஷாசா பற்றிய ஆவணப்படத்துக்கு விருது. நடுக்கவாதத்தில் தடுமாறிய அலியைப் படியேற ஃபோர்மன் கைகொடுத்து அழைத்துப்போனார். "அதற்காக உங்கள் ஆளை மன்னிக்கிறேன்" என்றார் காக்கா. மன்னிக்க அவர் யார் என்று கேட்கவில்லை. ராத்தா கொடுத்துவிட்ட தொதல் மேசையில் இருந்தது.

அதே வருடம் நவம்பர் 22, கடைசிச் சண்டை. ஷானன் பிரிக்ஸ், வயது 25; இவருக்கு 48. பன்னிரண்டு சுற்று. பார்த்த பெரும்பாலோர் ஃபோர்மன் வென்றார் என்றே சொன்னார்கள். தீர்ப்பு பிரிக்ஸுக்கு. ஃபோர்மன் அதை அமைதியாகவே ஏற்றுக்கொண்டார். பட்டங்களை அதற்கு முன்பே சங்கங்கள் ஒவ்வொன்றாகப் பறித்துவிட்டன, அவர்கள் சொன்ன ஆளுடன் மோதவில்லை என்று. இவர் சபைக்கும் கிரில் விளம்பரத்துக்கும் திரும்பினார். ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்த மனிதருக்கு வீட்டிலும் வேலை இருந்திருக்கும்.

"ஜெயித்தவரைத் தோற்றதாகச் சொன்னால் எப்படிச் சும்மா போனார்?" என்று பையன் கேட்டான். வேண்டியது சேர்ந்துவிட்டது, மையம் நடக்கிறது, மறுநாள் ஞாயிறு, பிரசங்கம் இருந்தது என்றேன். அன்று சனிக்கிழமையா என்று அவன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். சனிக்கிழமைதான்.

15 ஜூன், ஞாயிறு

படகுகள் போய்விட்டன. கொக்கி விரல்காரனும் போயிருக்கிறான். முஷ்டி இப்போது முக்கால்வாசி மூடுகிறது; மறுபடி வலை இழுத்தால் என்னாகும் என்று தெரியவில்லை. பட்டியைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறான். இனி விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் முறை. படகு போகாத நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்று கொட்டகைத் தூணில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு மட்டும்.