க்ரீமர் பொடிக்கு மாற்று: திரியாத, பிசுபிசுக்காத பால்கள்

காபியில் பாலுக்குப் பதிலாகக் கலக்கும் நான்-டெய்ரி (‘பால் அல்லாத’) க்ரீமர் பொடியில் பாதிக்கு மேல் இருப்பது காயவைத்த குளுக்கோஸ் சிரப். லேபிளில் ‘கார்ன் சிரப் சாலிட்ஸ்’ என்று முதலில் வருவதும் அதேதான். அடுத்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு: தேங்காய் எண்ணெய், அல்லது பாம் கெர்னல் எனப்படும் செம்பனைப் பருப்பு எண்ணெய். பெரும்பாலும் ஹைட்ரஜனேற்றியது, அதாவது ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கியது. மிச்சமிருக்கும் சின்ன இடத்துக்குள் சோடியம் கேசினேட் என்ற புரதம், டைபொட்டாசியம் பாஸ்பேட் என்ற உப்பு, எண்ணெயையும் நீரையும் பிரியவிடாத மோனோ-டைகிளிசரைடு, பொடி கட்டி தட்டாமல் இருக்கச் சிலிக்கான் டையாக்சைடு, கொஞ்சம் நிறமும் மணமும். இத்தனை நுண்ணிய கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த தூள் காற்றில் பறந்தால் நன்றாகத் தீப்பற்றும். எரியும் அடுப்புக்கு மேலே டப்பாவை உதற வேண்டாம்.

இந்தப் பொடி காபிக்குள் நான்கு வேலை செய்கிறது. மிகச் சிறிய கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடித்துக் காபியை வெளுப்பாக்குகின்றன. அதே கொழுப்பும் சிரப்பும் வாயில் ஒரு கெட்டித் தன்மையைத் தருகின்றன. கேசினேட், காபியின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு கசப்பின் முனையை மழுக்குகிறது. பாஸ்பேட், அமிலத்தைத் தாங்கிக்கொண்டு புரதம் திரியாமல் காக்கிறது. வீட்டில் செய்யும் எந்த மாற்றும் இந்த நான்கையும் ஒன்றாகச் செய்யாது. எது இல்லாவிட்டால் உங்களுக்குக் காபி இறங்காது என்று முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தப் பாலை எடுப்பது என்பது தானாகத் தெளியும்.

மாற்றுகளுக்குப் போகுமுன் லேபிள் பற்றி இரண்டு விஷயம்.

சோடியம் கேசினேட் பாலிலிருந்து எடுத்த புரதம். ‘நான்-டெய்ரி’ என்று முகப்பில் எழுதிய டப்பாவுக்குள் பால் புரதம் இருப்பது சாதாரணம். அமெரிக்க விதிகளின்படி, அப்படி எழுதி விற்றால் கேசினேட் பாலிலிருந்து வந்தது என்பதைப் பொருட்பட்டியலில் சொல்லியாக வேண்டும். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரும்பாலும் தொந்தரவு தராது. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பவர்களுக்கும் இது ஆகாது.

இன்னொன்று கொழுப்பு. பாதியளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெயில்தான் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் அந்த எண்ணெயைப் பாதுகாப்பான பொருள்களின் வரிசையிலிருந்து எடுத்தது; பெரும்பாலான உணவுகளுக்கு 2018 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒரு வேளை அளவில் 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ‘0’ என்றே அச்சிடலாம் என்ற விதி க்ரீமர்களுக்கு வசதியாக இருந்தது, ஏனென்றால் அவற்றின் ‘ஒரு வேளை’ வெறும் ஒரு டீஸ்பூன்தான். முழுக்க ஹைட்ரஜனேற்றியதில் டிரான்ஸ் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. ஆனால் அது முழுவதும் நிறைவுற்ற கொழுப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பாஸ்பேட் என்ற சொல்லையும் தேட வேண்டும். இப்படிச் சேர்க்கும் பாஸ்பேட், உணவில் இயற்கையாக உள்ளதைவிட எளிதாக உடலில் ஏறும்.

பால் ஒத்துக்கொள்கிறவர் கொழுப்பைக் குறைப்பதாக நினைத்துப் பொடிக்கு மாறுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. பொடியின் ஒரே உண்மையான பலம், குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பது. லாக்டோஸ் மட்டும்தான் சிக்கல் என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் போதும். சற்று இனிக்கும், மற்றபடி பால்தான். கீழே வருவதெல்லாம் பாலையே தவிர்க்க வேண்டியவர்களுக்கு.

தாவரப் பால் ஏன் காபியில் திரிகிறது?

காபியின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு) பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். சோயா, பாதாம் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் புள்ளி அதற்குப் பக்கத்தில்தான். அதோடு கொதிக்கும் சூடும் சேர்ந்தால் கண்முன்னே துகள் துகளாகப் பிரியும். கோப்பை நிறையக் காபி இருக்க, மேலே குளிர்ந்த பாலை ஒரு விரல் அளவு ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. விழும் ஒவ்வொரு துளியும் முழு அமிலத்தையும் முழுச் சூட்டையும் ஒரே நேரத்தில் சந்திக்கிறது.

மாற்றிச் செய்யுங்கள். பாலை 55–60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கோப்பையில் முதலில் ஊற்றவும். அந்தச் சூட்டில் விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும், ஆவி லேசாக வரும். காபியை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே பாலுக்குள் விடவும். அப்படியும் திரிந்தால் காபிக் கொட்டையை மாற்றிப் பாருங்கள். இளம் வறுவலில் புளிப்பு அதிகம், கரும் வறுவலில் குறைவு. கடைசி வழி சமையல் சோடா: அரை லிட்டர் பாலுக்குக் கால் டீஸ்பூனில் பாதி. பாஸ்பேட் செய்யும் வேலையை இது செய்யும். கொஞ்சம் கூடினாலும் சோப்புச் சுவை வந்துவிடும், காபியின் துடிப்பும் போய்விடும்.

கடைச் சோயாப் பாலில் சேர்க்கும் கால்சியமும் திரிவதைத் தூண்டும். டோஃபு செய்யக் கால்சியம் உப்பு போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். காபிக்கு வாங்குவதானால் கால்சியம் சேர்க்காததை, அல்லது காபிக்கென்றே தயாரித்து ‘பாரிஸ்டா’ என்று போட்டதை எடுக்கவும். பாரிஸ்டா வகையில் பாஸ்பேட்டும் கூடுதல் எண்ணெயும் பல சமயம் கெட்டியாக்கும் ஜெல்லன் கோந்தும் இருக்கும். அதாவது க்ரீமரை நோக்கி அரை வழி திரும்பி நடந்த பால் அது. இயற்கையானது வேண்டும் என்று தேடுபவர்கள் அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

வீட்டில் செய்வதில் முதலிடம் என் கணக்கில் முந்திரிக்கு. வறுக்காத முந்திரி 130 கிராம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். முதலில் 100 மில்லி நீர் மட்டும் விட்டு, விரலில் தேய்த்தால் நறநறப்பு தெரியாத அளவுக்கு விழுதாக அரைக்கவும். பிறகு இன்னும் 200 மில்லியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஒரு சுற்று. எடுத்த எடுப்பில் முழு நீரையும் ஊற்றினால் துண்டுகள் நீரில் நழுவி ஓடும், விழுது ஆகாது. நன்றாக அரைபட்டால் வடிகட்டவே வேண்டாம், சக்கையும் மிஞ்சாது. ஒரு கோப்பைக்கு 30 மில்லி போதும். முந்திரியில் மாவுச்சத்து இருப்பதால் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் குழம்பு போல் கெட்டிப்பட்டுவிடும். சூடாக்கினாலும் ஆவி வந்ததும் நிறுத்துங்கள். குளிர்ச்சியில் இறுகினால் நீர் விட்டு அடித்தால் சரியாகும். வறுத்த முந்திரியில் செய்தால் பழுப்பேறி, காபியின் மணத்தோடு போட்டி போடும்.

தேங்காய்ப்பாலில் கொழுப்பு தாராளம், வெளுப்பும் நன்றாக வரும், புரதம் குறைவு. அதனால் கசப்பை மழுக்கும் வேலையில் பின்தங்கும். கரும் வறுவல் காபியில் கசப்பு அப்படியே நிற்கும். துருவல் 250 கிராமுக்கு 150 மில்லி வெதுவெதுப்பான நீர் ஊற்றி, விட்டு விட்டு இரண்டு சுற்று அரைத்துத் துணியில் பிழியும் முதல் பால் மட்டுமே காபிக்கு. இரண்டாம் பால் காபியைச் சாம்பல் நிறமாக்கும், அவ்வளவுதான்.

தேங்காய்ப்பாலில் வரும் புகார், காபியின் மேல் எண்ணெய்ப் படலம். எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் 80 டிகிரியைத் தாண்டினால் கைவிட்டுவிடுகிறது. பாலைத் தனியாகக் கொதிக்க வைக்கவே கூடாது. தேங்காய்ப்பாலை மட்டும், அடுப்பை அணைத்த பிறகு கடைசியாகச் சேர்க்கவும். 400 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி முந்திரி விழுதோ, எண்ணெயை நீரோடு சேர்த்துப் பிடிக்கும் சூரியகாந்தி லெசித்தின் கால் டீஸ்பூனோ சேர்த்து அடித்தால் படலம் வெகுவாகக் குறையும். தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மேலே வெள்ளைக் கட்டி நிற்கும். கெட்டுப்போனது என்று கொட்ட வேண்டாம், பாட்டிலை வெந்நீரில் நிறுத்திக் குலுக்கினால் போதும். ஐஸ் காபிக்கு மட்டும் தேங்காய்ப்பால் வேண்டாம். மெழுகுத் துணுக்குகள் போல் மிதக்கும்.

ஓட்ஸ் பாலில்தான் பலரும் தோற்கிறார்கள். வழக்கமான முறை, தட்டை ஓட்ஸ் 80 கிராமை 500 மில்லி ஐஸ் தண்ணீரில் 30 நொடிக்கு மேல் போகாமல் அடித்து, பிழியாமல் வடிகட்டுவது. குளிர்ந்த காபிக்கு அது சரி. சூடான காபியில் விட்டால், உள்ளே இருக்கும் மாவுச்சத்து 60 டிகிரிவாக்கில் வெந்து கஞ்சியாகி, காபி வழவழ என்று ஆகிவிடும். எவ்வளவு கவனமாக வடிகட்டினாலும் இது வரும். தொழிற்சாலைகள் நொதி கொண்டு அந்த மாவுச்சத்தை முன்பே மால்ட்டோஸ் சர்க்கரையாக உடைத்துவிடுகின்றன. சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதிய ஓட்ஸ் பால் இனிப்பதும் அதனால்தான்.

அதை வீட்டிலும் செய்யலாம். 80 கிராம் ஓட்ஸை 600 மில்லி நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, நொதி உயிர்ப்புள்ள பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) மாவு ஒரு டீஸ்பூன் கலக்கவும். 60–65 டிகிரியில் முக்கால் மணி நேரம் மூடி வைத்தால், பிளாஸ்கில் வைத்தாலும் சரி, கெட்டிக் கஞ்சி நீர்த்து இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு ஒரு கொதி விட்டு நொதியை நிறுத்தி, வடிகட்டி, ஒரு மேசைக்கரண்டி மணமற்ற எண்ணெயும் சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாக அடிக்கவும். கஞ்சி கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே மால்ட்டைக் கொட்டினால் நொதி செத்துவிடும், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் கஞ்சி கஞ்சியாகவே இருக்கும். பார்லியில் குளூட்டன் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பாதாம் பால் தனியாக நின்றால் தண்ணீர். எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் என்று அரைத்தால் ஓரளவு நிற்கும். மூன்றில் ஒரு பங்கு முந்திரி கலந்தால் இன்னும் நன்று. சோயா, புரதத்தில் பசும்பாலுக்கு நெருக்கம், நுரையும் வரும். ஆனால் வீட்டில் அரைத்த சோயாப் பாலைக் கொதி வந்தபின் பத்து நிமிடமாவது காய்ச்ச வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, பச்சை வாடையும் அப்போதுதான் போகும்.

இனிப்புக்கு 400 மில்லியில் இரண்டு மூன்று கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் சேர்த்தே அரைத்துவிடலாம். கடையில் விற்கும் வனிலா திரவ க்ரீமரில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 5 கிராம் சர்க்கரை இருப்பது வழக்கம். ஒரு கரண்டியோடு நிறுத்துகிறவர்கள் குறைவு. இலவங்கப்பட்டை பிடிக்குமென்றால் பொடியாகப் போடாதீர்கள். அது கரையாது, நீரில் ஊறிக் கோழை போலாகிக் கோப்பையின் அடியில் தங்கும். சூடான பாலில் ஒரு துண்டைப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்துவிடுங்கள்.

இவற்றில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. முந்திரி, பாதாம், ஓட்ஸ் நான்கு நாள். தேங்காய்ப்பால் இரண்டு நாள். எல்லாமே குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில், கதவுத் தட்டில் அல்ல. பழைய பாட்டிலில் மிச்சமிருப்பதன் மேல் புதியதை ஊற்றினால் புதியதும் சீக்கிரம் புளிக்கும். அதிகமாகச் செய்துவிட்டால் ஐஸ் தட்டில் உறையவைக்கலாம். முந்திரி இதைத் தாங்கும். தேங்காய்ப்பால் உருகும்போது பிரியும், மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்குப் பொடியே வேண்டும் என்றால் தேங்காய்ப்பால் பொடி இருக்கிறது. வாங்குமுன் அதன் பின்புறத்தையும் படியுங்கள், பல வகைகளில் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினோடு சோடியம் கேசினேட்டும் சேர்த்திருப்பார்கள். கேசினேட் இல்லாததைத் தேர்ந்தெடுத்து, இரண்டு டீஸ்பூன் பொடியை அதே அளவு வெதுவெதுப்பான நீரில் முதலில் குழைத்துக்கொண்டு, அதன் மேல் காபியை ஊற்றவும். கொதிக்கும் காபியின் மேல் நேராகத் தூவினால் வெளிப்புறம் நனைந்து உள்ளே காய்ந்த உருண்டைகளாக மிதக்கும். எவ்வளவு கலக்கினாலும் உடையாது.