சால்டேர் வீட்டின் மூன்று ஜன்னல்கள்

வீடு வாங்கும் வேலையைக் கவனித்த வக்கீலான சொலிசிட்டரிடமிருந்து அந்த மின்னஞ்சல் வந்தபோது நாங்கள் மனத்தளவில் அந்த வீட்டில் குடியேறியே விட்டிருந்தோம். யார்க்‌ஷரில் பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சால்டேர் என்ற இங்கிலாந்துச் சிற்றூர். ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை, லீட்ஸுக்கு நேர் ரயில். கிரேடு 2 பட்டியலில் உள்ள வீடு, அதாவது பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பட்டியலிட்ட வீடு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அதை ஒரு பெருமையாக மட்டும்தான் நான் படித்தேன். மின்னஞ்சலில் இரண்டே வரி: முன்பக்கத்து மூன்று ஜன்னல்களும் பிளாஸ்டிக். அவற்றை மாற்ற அனுமதி வாங்கியதற்கான காகிதம் விற்பவரிடம் இல்லை.

போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பட்டியலில் உள்ள கட்டடத்தில் அதன் தன்மையைப் பாதிக்கிற எந்த மாற்றத்துக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் அது குற்றம். செய்தவருக்கு இரண்டு வருடம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. வீட்டை வாங்குகிறவர் மேல் அந்தக் குற்றம் வராது. ஆனால் 'பழையபடி மாற்று' என்று உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் நோட்டீஸ் அனுப்பினால் அது அப்போது வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். அதற்குக் காலக்கெடு இல்லை. இருபது வருடம் கழித்தும் வரலாம்.

என் கணவர் "வேண்டாம், வேற வீடு பாப்போம்" என்றார். எனக்கு விட மனமில்லை. விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், குறைத்தார்கள், வாங்கினோம். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் நாமே முறையாக அனுமதி வாங்கி ஜன்னல்களை மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு. இந்தப் பக்கம் வீடு பார்க்கிற நம்மவர்கள் சிலர் கேட்டதால், முழுக்க எழுதிவிடுகிறேன்.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மூன்று ஜன்னலுக்கு ஏன் இத்தனை பாடு என்பது புரியும். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி கட்டிய ஊர் இது. அல்பாகா என்ற தென்னமெரிக்க விலங்கின் ரோமத்தில் பளபளப்பான துணி நெய்து பெரும் பணம் சேர்த்தவர். 1848-இல் பிராட்ஃபோர்டின் மேயராக இருந்தார். அடுத்த வருடமே அங்கே காலரா. ஆலைப் புகையும் சாக்கடையும் நெரிசலுமாக இருந்த நகரத்திலிருந்து தன் ஆலைகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். ஏர் நதி, லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய், ரயில் பாதை மூன்றும் ஒட்டி ஓடுகிற இடமாகப் பார்த்துப் பிடித்தார். 1853 செப்டம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று ஆலை திறந்தது. பிறகு தொழிலாளர்களுக்காக எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர், கேஸ் விளக்கு, பின்முற்றம், தனிக் கழிப்பறை. தெருக்களுக்கு மனைவி பிள்ளைகளின் பெயர்கள்: கரோலைன், ஜார்ஜ், அமீலியா, ஃபேனி. ஊரை வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞர்கள் லாக்வுட், மாஸன் இருவருக்கும் ஆளுக்கொரு தெரு.

ஆலை 1986-இல் மூடியது. மறுவருடம் ஜோனதன் சில்வர் என்ற தொழிலதிபர் அதை வாங்கி ஓவியக்கூடமும் கடைகளுமாக உயிர் கொடுத்தார். 2001-இல் ஊர் முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தேவாலயம் கிரேடு 1, ஆலை கிரேடு 2 நட்சத்திரம், எங்களைப் போன்ற வீடுகள் கிரேடு 2. இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இந்தக் கிரேடு 2-தான். கடைசிப் படி என்பதால் பாதுகாப்பும் குறைவு என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எந்தக் கிரேடாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான், உள்ளேயும் வெளியேயும் சேர்த்து. பின்முற்றத்தில் இருந்த பழைய கழிப்பறைக் கொட்டகையை இடித்து சைக்கிள் நிறுத்தலாம் என்று கணவர் திட்டம் போட்டிருந்தார். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வீட்டு வளாகத்துக்குள் நிற்கிற எதுவும் பட்டியலோடு சேர்த்திதான் என்று தெரிந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம். இப்போது சைக்கிள் அந்தக் கொட்டகைக்குள்ளேயே நிற்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை கேட்கலாம். பழைய கட்டடங்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற கவுன்சிலின் கன்சர்வேஷன் ஆபீசர் ஒரு அம்மா, வீட்டுக்கே வந்து பார்த்தார். நான் ஒரு கேட்டலாக்கோடு தயாராக இருந்தேன். பழைய பாணியில், மர நிறத்தில், இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னல்கள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இதைப் பிறகு பேசலாம். இந்த வீட்டில் எது முக்கியம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் முழித்தேன். பழைய வீடு, கல் வீடு என்று ஏதோ சொன்னேன். "அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள். விண்ணப்பத்தின் முதுகெலும்பே அதுதான்" என்றார்.

ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட் என்று அதற்குப் பெயர். வீட்டின் சிறப்பு என்ன, நாம் செய்யப்போகிற வேலை அதை எப்படித் தொடும், கெடுக்குமா கூட்டுமா என்று எழுத வேண்டும். காசு கொடுத்தால் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய வேலை என்றால் அவர்களிடம் போவதே நல்லது. மூன்று ஜன்னல்தானே என்று நானே உட்கார்ந்தேன். இந்த மொத்த அனுபவத்திலும் நான் பொன்னாக நினைப்பது அந்த ஆறு வாரங்களைத்தான்.

முதலில் தேசியப் பட்டியலில் எங்கள் வரிசைக்கான பதிவைப் படித்தேன். சில வரிகள்தான். அதில் குறிப்பிடாதவை எல்லாம் நம் இஷ்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அடையாளம் காட்ட எழுதிய குறிப்பு, அவ்வளவுதான். பிறகு ஷிப்லி கல்லூரியில் சால்டேர் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் ஆவணங்கள், பழைய தெருப்படங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். 1871 கணக்கெடுப்பில் எங்கள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தச் சின்ன வீட்டில் எட்டுப் பேர். அப்பா கம்பளி தரம் பிரிப்பவர், மூத்த பெண்கள் இருவரும் நெசவு. பதினொரு வயதுப் பெண் ஒருத்திக்கு எதிரே 'அரை நேரம்' என்று எழுதியிருந்தது. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளிக்கூடம் என்று அர்த்தம். என் மகளுக்கும் அப்போது பதினொரு வயது. மாடியில் அந்தப் பெண் தூங்கிய அறையில்தான் இவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் தெருவின் மேல்முனையில் போய் நின்று பார்த்தேன். அதுவரை நான் என் வீட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வீடு என்று தனியாக எதுவும் தெரியாது, வரிசைதான் தெரியும். வரிசையின் முனையில் மேற்பார்வையாளர்களுக்கான உயரமான வீடு, நடுவில் தொழிலாளர் வீடுகள், ஒரே கல், ஒரே ஸ்லேட் கூரை, சரிவோடு இறங்கி ஆலையை நோக்கிப் போகின்றன. ஆலை நிர்வாகத்தில் யாருக்கு எந்தப் படி என்பது வீட்டின் உயரத்திலேயே எழுதியிருக்கிறது. காலை வெயில் ஜன்னல்களில் பட்டது. பழைய கண்ணாடிகள் ஒவ்வொன்றும் லேசாக நெளிந்து, தண்ணீர் மாதிரி அசைந்தன. எங்கள் மூன்றும் வெள்ளைச் சட்டத்துக்குள் தட்டையாக, அசையாமல் இருந்தன. கேட்டலாக்கை அன்றைக்கே தூக்கிப் போட்டேன்.

மர ஜன்னல் என்று முடிவானது. ஆனால் எப்படிப்பட்ட மர ஜன்னல்? அதற்கு விடை நிலவறையில் கிடைத்தது. ஜாடிகள் வைத்திருந்த ஒரு பலகைத் தட்டைத் தச்சர் புரட்டிப் பார்த்து, "இது தட்டு இல்லை, உங்கள் பழைய ஜன்னலின் ஒரு பாதி" என்றார். மேலும் கீழும் நகர்கிற சாஷ் ஜன்னலின் கீழ்ச் சட்டம். யாரோ தூக்கிப்போட மனமில்லாமல் தட்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் வண்ணம் உரிந்த இடத்தில் வெள்ளை, அதற்கடியில் கரும்பச்சை, அதற்கும் அடியில் காப்பிக்கொட்டை நிறம். தச்சர் அதைச் சுரண்டவே விடவில்லை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும், தூள் பறக்கக் கூடாது. பைன் மரம், ரேகைகள் நெருக்கி நெருக்கி ஓடின. மெதுவாக வளர்ந்த மரம், இப்போது கடையில் இப்படிக் கிடைக்காது என்றார். கண்ணாடிகளுக்கு நடுவே வருகிற மரக் கம்பியை அளந்தார்: 19 மில்லிமீட்டர். அந்த ஒரு அளவை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் வரைந்தார்.

இரட்டைக் கண்ணாடி கேட்கலாமா என்று நான் இழுத்தபோது அவர் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பென்சிலைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, "இரட்டைக் கண்ணாடியின் கனத்தையும் எடையையும் தாங்க இந்தக் கம்பி இவ்வளவு பருமனாக வேண்டும்" என்று விரலால் அகலம் காட்டினார். அப்புறம் அது வேறு ஜன்னல். மெலிந்த வகை இரட்டைக் கண்ணாடி சில இடங்களில் அனுமதி பெறுகிறது, உண்மைதான். எங்கள் வரிசைக்கு வெளியே ஒற்றைக் கண்ணாடி, உள்ளே தனியாக செகண்டரி கிளேஸிங் என்கிற இரண்டாவது கண்ணாடிச் சட்டம் என்பதுதான் ஆபீசரின் யோசனை. இரண்டு நாள் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. யார்க்‌ஷர் குளிர் அப்படி. இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நன்றாகவே தாங்குகிறது. ரயில் சத்தமும் முன்பைவிடக் குறைவு.

விண்ணப்பம் போடுவது இணையத்தில்தான். கட்டணம் கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. படிவத்தோடு சிவப்புக் கோடிட்ட இட வரைபடம், இப்போதைய முகப்பும் புதிய முகப்பும் வரைந்த படங்கள், ஜன்னலின் வெட்டுத் தோற்றம், ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட், வடிவமைப்பு விளக்கம் எல்லாம் போக வேண்டும். வரைபடத்தில் நான் அளவுகோல் போடாமல் அனுப்பிவிட்டேன், திரும்பி வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் பதிவு செய்த நாளிலிருந்துதான் எட்டு வாரக் கணக்கு தொடங்கும். ஆகவே அனுப்புவதற்கு முன் கவுன்சிலின் சரிபார்ப்புப் பட்டியலை வரிக்கு வரி பார்த்துவிடுங்கள். பிறகு தெருவில் அறிவிப்பு ஒட்டுவார்கள், மூன்று வாரம் யாரும் கருத்துச் சொல்லலாம். எதிர்வீட்டுப் பாட்டி அதை நின்று படித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மாவும் அந்த ஆலையில் வேலை பார்த்தவராம்.

ஏழாவது வாரக் கடைசியில் அனுமதி வந்தது. மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். கூடவே சுவருக்கு ஒரு நிபந்தனை. ஜன்னலோடு சேர்த்துக் கல் இடுக்குகளில் இருந்த சிமென்ட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் காரை பூச அனுமதி கேட்டிருந்தேன். முதலில் ஒரு சின்ன இடத்தில் பூசிக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் மீதி.

சிமென்ட்டை எடுத்த நாளில் எனக்கு மனம் கனத்தது. இந்த மணற்கல் ஈரத்தை இழுத்து, கல்லுக்கு நடுவில் உள்ள காரை வழியாக வெளியே விடும். இடுக்கைச் சிமென்ட் அடைத்துக்கொண்டால் ஈரம் கல்லின் முகத்தாலேயே வெளியேறும், பனிக்காலத்தில் உள்ளேயே உறைந்து கல்லைப் பிளக்கும். கொத்தனார் கை உளியால் மெதுவாகத் தட்டத் தட்ட, சில இடங்களில் சிமென்ட்டோடு கல்லின் தோலும் பிஸ்கட் மாதிரி பெயர்ந்து வந்தது. நூற்றைம்பது வருட மழையைத் தாங்கிய கல், நல்லது செய்கிறோம் என்று யாரோ பூசிய பூச்சால் உதிர்ந்துபோயிருந்தது. சுண்ணாம்புக் காரைக்கு அவசரம் ஆகாது. உறைபனிக் காலத்தில் பூசக் கூடாது, சட்டென்று காயவும் கூடாது. செப்டம்பரில் பூசினோம். இரண்டு வாரம் நனைத்த சணல் சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நானும் மகளும் தண்ணீர் தெளித்தோம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல்கள் மூன்றுக்கும் உள்கண்ணாடி உட்பட 8,000 பவுண்டு தாண்டியது. பிளாஸ்டிக் என்றால் இதில் கால்வாசிதான் ஆகியிருக்கும். எங்கள் செலவில் 20 சதவீத விகிதத்தில் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரியும் அடக்கம். 2012 செப்டம்பர் வரை, அனுமதி பெற்றுச் செய்கிற மாற்றங்களுக்கு இந்த வரியே கிடையாது. அதை எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன். ஒழுங்காக அனுமதி வாங்குகிறவனுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

ஜன்னல் பொருத்திய அன்று தச்சர் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே கயிற்றில் தொங்குகிற இரும்பு எடையை மகளிடம் காட்டினார். அவள் ஒரே விரலால் சட்டத்தைத் தூக்கினாள், விட்ட இடத்தில் அது நின்றது. பழைய சட்டத்தை நிலவறையிலேயே திரும்ப வைத்திருக்கிறோம். அடுத்து யாராவது அளவெடுக்க வேண்டி வரும். பின்கதவு இன்னும் பிளாஸ்டிக்தான். அதற்கான படத்தைத் தச்சர் போன வாரம் அனுப்பியிருக்கிறார்.