வில்லங்கம்

இன்னிக்கி கடையில நடந்த கூத்துக்கு முழுக் காரணம் எங்கம்மாதான். நான் பாரிஸ்டாவா சேந்து எட்டு மாசம் ஆச்சு, இன்னும் சொந்தக்காரங்ககிட்ட "காப்பி போடுறான்"னு சொல்ல அவங்களுக்கு வாய் வரல. இஞ்சினியரிங் லோனே இன்னும் அடைஞ்சபாடில்ல, இதுல காப்பி மாஸ்டர்னு வேற தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்ங்கிற கவல. அதனால கல்யாணம் காதுகுத்துன்னு எங்க போனாலும் "பாரிஸ்டா"ன்னு வேகமா முணுமுணுத்துட்டு பேச்ச மாத்திடுவாங்க.

நாகலூர் மாமா காதுல அது பாரிஸ்டர்னு விழுந்திருக்கு.

காலைல பதினோரு மணி. சேலம் ஃபேர்லாண்ட்ஸ் ஏரியா லேப்டாப் கூட்டம் மொத்தமும் ஆஜர். நேத்து ராத்திரி பேஞ்ச மழையில காத்தெல்லாம் ஈரம், கிரைண்டர் மொரண்டு புடிக்குது, ஷாட், அதான் மெஷின்ல எறங்கற டிக்காஷன், சொட்டுச் சொட்டா வடியுது. 18 கிராம் தூள அமுக்கி 9 பார் பிரஷர்ல தண்ணி விட்டா 25, 30 செகண்டுல எலிவால் மொத்தத்துக்கு தேன் மாதிரி எறங்கணும். அப்படி எறங்கற அன்னிக்கி சம்பளமே வேணாம்னு தோணும், ஒண்ணாந்தேதி வர்ற வரைக்கும். இன்னிக்கி நாலு ஷாட்ட சிங்க்ல ஊத்திட்டு நிக்கிறேன், கதவத் தொறந்துட்டு மாமா.

ஏற்காட்டு மலையோட இருவது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல எறங்கி வந்த கெறக்கம் மொகத்துல, கக்கத்துல மஞ்சப்பை. என் கருப்பு ஏப்ரனப் பாத்ததும் கெறக்கமெல்லாம் போயிருச்சு. "கோட்டெல்லாம் போட்டு ஜம்முனு இருக்கியே மாப்ள!"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சுகர் பாக்கெட்டையெல்லாம் ஒதுக்கிட்டு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்க சர்டிபிகேட்னு கவுன்ட்டர் முழுக்க பரப்பிட்டாரு. வழக்கு இதான். எல்லையில நிக்கிற சில்வர் ஓக் மரம் பங்காளி பக்கம். அதுல ஏறியிருக்கிற மிளகுக் கொடியோட வேரு மாமா பக்கம். மிளகு யாருக்கு?

வரிசையில அஞ்சு பேரு. கோல்ட் காப்பிக்கு நின்ன பொண்ணு "வேர் யாருதோ அவங்களுக்குத்தான் அங்கிள்"னுச்சு. "மரம் இல்லாம கொடி அந்தரத்துலயா ஏறும்"னு பின்னாடி ஒருத்தர். ஹெட்போன் எல்லாம் காத விட்டு எறங்கிருச்சு, மேனேஜர் என்னைப் பாக்குறாரு, ஒரு ஓரமா பால் பொங்குது.

"மாமா, நான் வக்கீல் இல்லீங்க. இங்க காப்பி போடுறேன்."

கொஞ்ச நேரம் மெஷினையே பாத்தாரு. "அப்ப ஒண்ணு போடு."

போட்டேன். நுரையில இலை கூட நல்லா வந்துச்சு, அவரு அதப் பாக்காம சக்கரையப் போட்டு கலக்கி ஒரே மொடக்கு. "ஆறிப்போச்சேப்பா." 65 டிகிரிக்கு மேல பால் சூடானா இனிப்பு போயிரும்னு ட்ரெய்னிங்ல மண்டையில ஏத்தி அனுப்பினாங்க, சேலத்துல பத்துக்கு எட்டுப் பேருக்கு நாக்கு பொசுங்கினாத்தான் அது காப்பி. அத விடுங்க. "நம்ம மலைக் கொட்டையா?"ன்னாரு. சிக்மகளூர்னேன். வக்கீல் இல்லன்னப்ப கூட அந்த மொகம் அப்படி வாடல. "1820கள்லயே வெள்ளக்கார கலெக்டர் காப்பி கொண்டாந்து நட்ட மல, ஜன்னல தொறந்தா தெரியுது..."

அப்புறம் போர்டுல 190 ரூவான்னு படிச்சிட்டாரு. "ஆறு கிலோ பழம் பறிச்சாத்தான் ஒரு கிலோ கொட்ட தேறும். அதுல நீ எத்தன கப்பு போடுவ?"

வறுத்தா எட கொறையும், ஒரு நாப்பத்தஞ்சு தேறும்னேன். வெரல் விட்டு எண்ண ஆரம்பிச்சவரு பாதியிலயே நிறுத்திட்டு கப்ப கீழ வச்சாரு.

பில்லு நான் போட்டுக்கறேன்னு கையப் புடிச்சப்பதான் மணிக்கட்டுல ஸ்டீம் பட்ட தழும்பெல்லாம் கண்ணுல பட்டிருக்கு. "அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியாதுங்கன்னேன். ஒண்ணும் சொல்லல. பத்திரத்த மடிச்சு பையில போட்டுட்டு, செய்தித்தாள்ல கட்டின பொட்டலம் ஒண்ண சுகர் பாக்கெட்டுங்களுக்கு நடுவுல வச்சாரு. "பீசு"ன்னுட்டு நடந்துட்டாரு.

ராத்திரி வீட்டுக்கு வந்தா ஆவி பறக்க ரசம். தட்டு பக்கத்துல புதுசா ஒரு தீக்காய ஆயின்மென்ட். அம்மா ஒரு வார்த்தை கேக்கல, நானும் சொல்லல. ரசத்துல மிளகு தூக்கலா இருந்துச்சு. அது எந்தப் பக்கத்து மிளகோ.