குட்டையாக வந்த சிக்னல்

மண்டபத்தில், வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் மூன்று வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். கணக்கு ஓடுவது எங்கோ இருக்கும் கிளஸ்டரில், அதாவது சேர்த்துக் கட்டிய கணினிக் கூட்டத்தில்; எனக்கு வேண்டியது நெட் மட்டும்தான். வாடைக்காற்றோடு மழையும் சேர்ந்துவிட்டால் முதலில் போவது அதுதான், அப்புறம் கரண்ட்.

பிளாஸ்மாவுக்குள், அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்து கிடக்கும் வாயுவுக்குள், எதிர்மின் அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்று லேசர் வைத்து அளப்பார்கள். அந்த அளவீட்டையே கணினிக்குள் நடத்திப் பார்ப்பது என் வேலை. ஹைட்ரஜன் அணுவோடு ஓர் எலக்ட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்டால் அது எதிர்மின் அயனி. ஒட்டியிருக்கும் பிடி ரொம்பத் தளர்வு, வெறும் 0.754 எலக்ட்ரான் வோல்ட். 1064 நானோமீட்டர் லேசரின் ஒரு ஃபோட்டானில் 1.165 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது, ஆகவே பட்டதும் கழற்றிவிடும். கழன்ற எலக்ட்ரான்கள் பக்கத்தில் நேர்மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் லாங்முயிர் புரோபுக்கு (பிளாஸ்மாவுக்குள் நீட்டிய ஒரு சின்ன உலோகக் கம்பி) ஓடிவந்து, கரண்டில் ஒரு சின்ன எகிறல் தெரியும். எகிறலை வழக்கமான கரண்டால் வகுத்தால், எலக்ட்ரானுக்கு எத்தனை அயனி என்ற விகிதம் வந்துவிடும். 1970களின் இறுதியில் பிரான்சில் இயற்பியலாளர் மார்த்தே பகாலின் குழு ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் இப்படித்தான் அளந்தது. இன்று பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் அணு இணைவு உலைக்குள் செலுத்தப்போகும் நியூட்ரல் பீமுக்கு, அதாவது மின்னூட்டமில்லாத அணுக்களின் கற்றைக்கு, இந்த அயனிகள்தான் மூலப்பொருள். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ரோபின் என்ற அயனி மூலம் (அயனிகளை உண்டாக்கும் கருவி) இதற்காகவே இயங்குகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். சிமுலேஷனில் எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டு 30 சதவீதம் அயனிகளை நானே போட்டேன். புரோப் காட்டியது 18.

இரண்டு வாரம் தூக்கமில்லை. எல்லா அயனியும் கழலவில்லையோ என்றுதான் முதல் சந்தேகம்; சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஜூல் லேசர் ஆற்றல் கொடுத்தால் 85 சதவீதம்தான் கழலும், ஆனால் நான் கொடுத்தது 50, அதில் கிட்டத்தட்ட ஒன்றுகூட மிஞ்சாது. அடுத்து காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் முன்னே தாண்டுகிறது என்பது. கன மீட்டருக்கு 10,000 லட்சம் கோடி எலக்ட்ரான் இருக்கும் பிளாஸ்மா ஏறக்குறைய ஒரு நானோசெகண்டுக்கு ஒருமுறை அதிரும், அதைப் பிடிக்க 35 பிக்கோசெகண்ட் படி வைத்திருந்தேன், 5 மைக்ரோசெகண்டுக்கு 1.4 லட்சம் படி. படியைப் பாதியாக்கினேன், இடத்தைப் பிரித்திருந்த கட்டத்தையும் சின்னதாக்கினேன், 18 அசையவே இல்லை. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் ஒரு திருத்த எண்ணைப் பெருக்கிவிட்டு மேலே போகலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. எதைத் திருத்துகிறோம் என்று தெரியாமல் எப்படிப் பெருக்குவது?

கடைசியில் லேசர் பீமின் அகலத்தில் கைவைத்தேன். 2 மில்லிமீட்டர் வைத்திருந்தேன். 4 ஆக்கினால் சிக்னல் ஏறியது, 6-இல் இன்னும் ஏறியது, 8-இல் நின்றுவிட்டது, 30-ஐ ஒட்டி. புரோப் தன்னைச் சுற்றி லேசர் படாத இடத்திலிருந்தும் எலக்ட்ரான்களை இழுக்கிறது; பீம் ஒல்லியாக இருந்தால் வழக்கமான கரண்ட் பெரிய வட்டத்திலிருந்தும் எகிறல் சின்ன வட்டத்திலிருந்தும் வரும், விகிதம் குட்டையாகிவிடும்.

அப்பா வள்ளத்தில் போன காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று பார்ப்பார். நீரோட்டம் இழுத்துக் கயிறு சாய்ந்துவிட்டால் ஆழம் கூடுதலாகத் தெரியும், அதனால் வள்ளத்தை ஓட்டத்தோடு விட்டுக் கயிறு நேராக நின்ற பிறகுதான் எண்ணுவார். பீம் விஷயத்தை அவரிடம் சொன்னபோது, "அப்ப ஆழம் தெரியாதவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. 30 என்று எனக்குத் தெரியும், நான்தானே போட்டேன். சோதனைக்கூடத்தில் இருப்பவருக்கு 18 மட்டும்தான் கிடைக்கும், அதுவும் சுத்தமான, அழகான சிக்னலாக, சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லாமல். அவர் அளவீட்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் பீமை அகலப்படுத்திக்கொண்டே போய், சிக்னல் ஏறாமல் நிற்கும் இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அறிக்கையில் இதைத்தான் முதல் பக்கத்தில் எழுதினேன், திருத்த எண் எதுவும் கொடுக்கவில்லை.

நிஜ அயனி மூலத்தில் காந்தப்புலமும் உண்டு, எலக்ட்ரான்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வரும், அப்போது 8 மில்லிமீட்டர் போதுமா என்பது வேறு கணக்கு. அந்த சிமுலேஷனை இன்று காலை தொடங்கிவிட்டேன், 20,000 படி தாண்டியிருக்கிறது.